பழைய பேஸ் கிட்டாரில் பிக்கப் மாற்றுதல்

மின் பேஸ் கிட்டாரில் ஒலி பிறக்கும் இடம் பிக்கப். காந்தங்களைச் சுற்றி, தலைமுடி அளவே தடிமனுள்ள செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றப்பட்டிருக்கும். எஃகுத் தந்தி அதிரும்போது இந்தச் சுருளில் சிறிய மின்னழுத்தம் எழுகிறது. அதை ஆம்ப்ளிஃபயர் பெருக்கித் தருகிறது. பல பத்தாண்டுகள் பழகிய கருவியில் ஒலி மங்கினால் முதல் சந்தேகம் பிக்கப்பின் மேல்தான் விழும். ஆனால் அதைக் கழற்றும் முன் காரணத்தை உறுதி செய்துகொள்வது அவசியம்.

லியோ ஃபெண்டர் 1951இல் கலிஃபோர்னியாவில் அறிமுகப்படுத்திய பிரிசிஷன் பேஸ் இதற்கு நல்ல உதாரணம். 1957இல் அதன் பிக்கப் இரண்டு பாதிகளாகப் பிரிக்கப்பட்டது. ஒரு பாதி தடித்த தந்திகளான ஈ, ஏ இரண்டுக்கும், மறு பாதி மெல்லிய டி, ஜி இரண்டுக்கும் உரியது. இரு சுருள்களும் தொடர் இணைப்பில் உள்ளன. சுற்றும் திசை, காந்த முனை இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக அமைந்திருப்பதால், சுற்றியுள்ள மின்கம்பிகளிலிருந்து வரும் இரைச்சல் தானாகவே அடங்கிவிடுகிறது.

இந்த அமைப்பே பழுதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஏதாவது ஒரு சுருளில் கம்பி அறுந்தால் நான்கு தந்திகளின் ஒலியும் அநேகமாக நின்றுவிடும். இரண்டு தந்திகள் மட்டும் மங்கினால், அந்தப் பாதியின் காந்தம் வலுவிழந்திருக்கலாம். அல்லது காந்தத்தில் ஏறிய துரு கம்பியின் காப்புப் பூச்சை அரித்து, சுற்றுகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கலாம். நான்குமே மங்கினால் உயரத்தை முதலில் பார்க்க வேண்டும். பிக்கப்பின் அடியிலுள்ள பஞ்சு நாளடைவில் இறுகிப்போவதால், திருகைத் தளர்த்தினாலும் பிக்கப் மேலே எழும்பாது. புதுப் பஞ்சு வைத்தாலே குறை தீர்ந்துவிடக்கூடும்.

அடுத்தது மல்டிமீட்டர் சோதனை. கருவியில் கேபிளைச் செருகி, வால்யூம், டோன் குமிழ்களை முழுதாகத் திறந்து, கேபிளின் மறுமுனையில் மின்தடையை அளக்கலாம். நல்ல நிலையிலுள்ள பிரிசிஷன் பிக்கப் பொதுவாகப் 10 கிலோ ஓம் அளவில் காட்டும். பெரிதும் குறைந்திருந்தால் எங்கோ குறுக்குத் தொடர்பு இருக்கிறது. 250 கிலோ ஓம் அளவில் காட்டினால் பிக்கப்பின் இணைப்பு எங்கோ அறுந்துவிட்டது. அப்போது மீட்டர் காட்டுவது வால்யூம் குமிழின் தடையை மட்டுமே. அறுந்த இடம் சுருளின் உள்ளேயா, வெளியே வரும் வயரின் சாலிடரிலா என்பதைப் பிக்கப்பின் முனைகளில் நேரடியாக அளந்து அறியலாம். சாலிடர் விட்டிருந்தால் மறுபடி பற்றவைத்தாலே போதும். ஆனால் அந்த முனைகளில்தான் மெல்லிய சுருள் கம்பியும் முடிகிறது. சூட்டுக்கோலை நெடுநேரம் வைத்தால் நல்ல சுருளும் கெட்டுவிடும்.

மாற்றுவது என்று முடிவானால், முதலில் வயர் இணைப்புகளைப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். தந்திகளைத் தளர்த்தி, முன்பக்கத் தகட்டைக் கழற்றி, பிக்கப்பின் இரு வயர்களையும் வால்யூம் குமிழிடத்தில் சாலிடர் இளக்கி எடுக்கலாம். துணி உறை போட்ட பழைய வயரை வெட்டாமல் எடுப்பது நல்லது. புதிய பிக்கப்பில் சிக்னல் வயர் குமிழின் உள்ளீட்டு முனைக்கும், மற்றது குமிழின் முதுகிலுள்ள பூமி இணைப்புக்கும் போகும். ஒரு பாதியை மட்டும் மாற்றுவதாக இருந்தால், அதன் சுற்றுத் திசையும் காந்த முனையும் பழைய பாதிக்குப் பொருந்த வேண்டும். அந்தச் சுருளின் இரு வயர்களும் இடம் மாறிப்போனால் தந்திகள் ஒலிக்கும். ஆனால் அடங்க வேண்டிய இரைச்சல் ஒன்றுசேர்ந்து பெருகும்.

எல்லாம் பூட்டிய பிறகு உயரத்தைச் சரிசெய்ய வேண்டும். காந்தம் தந்திக்கு மிக நெருங்கினால் அதன் இழுப்பு அதிர்வைக் குலைத்துச் சுருதியைப் பிசகச் செய்யும்; மிக விலகினால் ஒலி மெலியும். கழுத்தின் கடைசி ஃபிரெட்டில் தந்தியை அழுத்திப் பிடித்து வாசித்து, நான்கும் ஒரே அளவில் ஒலிக்கும்வரை திருகைச் சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டும்.

கழற்றிய பழைய பிக்கப்பைத் தூக்கி எறியக் கூடாது. அறுந்த சுருளுக்குப் புதுக் கம்பி சுற்றவும், வலுவிழந்த காந்தத்துக்கு மீண்டும் காந்தமேற்றவும் கைதேர்ந்த வினைஞர்களால் முடியும். அசல் பாகங்கள் இருந்தால்தான் பழைய கருவிக்கு முழு மதிப்பு. ஆகவே கழற்றிய பிக்கப், திருகுகள், உறைகள் எல்லாவற்றையும் கருவியின் பெட்டியிலேயே பத்திரப்படுத்த வேண்டும்.