நிமிர்ந்து நிற்கும் வண்டி

படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி என்று ஒரு வீட்டையே சுமந்து ஓடும் மோட்டார் ஹோம்கள் ஐரோப்பாவில் ஏராளம். பெரும்பாலும் சரக்கு வேனின் அடிச்சட்டத்தில் கட்டியவை. பாரம் ஏறினால் பின்பக்கம் தாழும். அதற்காகப் பின் அச்சில், பட்டை ஸ்பிரிங்கோடு ரப்பர் காற்றுப் பை பொருத்துகிறார்கள். காற்றடித்ததும் வண்டி நிமிரும். வளைவில் சாய்வதும் குறையும். ஆனால் எடை குறையாது. இடுப்பில் பெல்ட் கட்டினால் தலைமூட்டை இலேசாகிவிடுமா?

வண்டிதான் நிமிர்ந்துவிட்டதே, இன்னும் கொஞ்சம் ஏற்றினால் என்ன என்று கேட்கலாம். பிரேக் அதேதான், டயர் அதேதான், அச்சும் அதேதான். மோட்டார் ஹோம்களில் பலவற்றுக்கு மொத்த எடை வரம்பு 3500 கிலோ. 100 லிட்டர் தண்ணீர் நிரப்பினாலே 100 கிலோ கூடிவிடும். மெதுவாகத்தானே போகிறோம் என்பார்கள். மலை இறக்கத்தில் அது போதாது. மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடேறி, பிடிப்பை இழக்கும். கீழ் கியரில் இறங்க வேண்டும். முன்பெல்லாம் பின்பக்கம் தாழ்ந்து, பாரம் அதிகம் என்று காட்டிக்கொடுத்தது. காற்றுப் பை அதை மறைத்துவிடுகிறது. ஆகவே எல்லாவற்றையும் ஏற்றிய பிறகு, ஆட்களோடு எடை மேடைக்குப் போங்கள். மொத்த எடையோடு, ஒவ்வொரு அச்சின் எடையையும் தனியாகப் பாருங்கள்.