எல்லை தாண்டும் மலிவு பஸ்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



கல்வியைப் பற்றிப் பேச இந்த மேடையில் அறிஞர்கள் பலர் இருக்கிறார்கள். நான் பஸ்ஸைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீர்கள். பள்ளி விடுமுறை வருகிறது. ஜெலுத்தோங்கில் எத்தனை வீட்டில் ஹாட்யாய்ப் பேச்சு நடக்கிறது என்பது எனக்குத் தெரியாதா? விமானத்துக்கு வசதியில்லை, சொந்தக் காரும் இல்லை. இருக்கவே இருக்கிறது பஸ்!

ஆனால் டிக்கெட் மலிவாக இருக்கிறதே தவிர, பயணம் அவ்வளவு சுலபமில்லை. புக்கிட் காயு ஹீத்தாமில் எல்லாரையும் இறக்கி விடுவார்கள். நம் பக்கம் வெளியேறும் முத்திரை, அந்தப் பக்கம் நுழையும் முத்திரை, இரண்டுக்கும் வரிசையில் நின்று, அப்புறம் பஸ்ஸைத் தேட வேண்டும். வெளியே ஒரே மாதிரி பத்து பஸ் நிற்கும். பஸ்ஸின் நிறத்தை நம்பி ஏறியவர் வேறு ஊருக்குப் போய்விடுவார். நம்பரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் முண்டியடித்து, முத்திரை குத்தாமலே கடைத்தெருவுக்குள் நுழைந்துவிடுகிறவர்களும் உண்டு. போகும்போது யாரும் கேட்பதில்லை, திரும்பும்போதுதான் கேட்பார்கள். அனுமதித்த நாளைத் தாண்டித் தங்கினாலும் அப்படித்தான், நாளொன்றுக்கு 500 பாட் அபராதம்.

அடுத்தது கடிகாரம். தாய்லாந்து நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னால் இருக்கிறது. 1981 வரை வித்தியாசம் அரை மணிதான். 1982 ஜனவரி முதல் தேதி நாம் கடிகாரத்தை முன்னே தள்ளியதால் ஒரு மணியானது. நம்மூர் டிரைவர் "மூணு மணிக்கு வண்டி எடுத்துடுவேன்" என்பார். அவர் சொல்வது மலேசிய நேரம். உங்கள் கைப்பேசியோ எல்லை தாண்டியதும் உங்களைக் கேட்காமலே தாய்லாந்து நேரத்துக்கு மாறியிருக்கும். அது இரண்டு என்று காட்டும்போது பஸ் போய்க்கொண்டிருக்கும். ஆண்டுக் கணக்கும் வேறு. அவர்களுடையது புத்தர் ஆண்டு, நம் கணக்கோடு 543 கூட்ட வேண்டும். டிக்கெட்டில் 2567 என்று பார்த்துப் பதற வேண்டாம், அது 2024தான்.

வெள்ளிக்கிழமை சைவம் சாப்பிடுகிற நம் தாய்மார்களுக்கு ஒரு சொல் சொல்லித் தருகிறேன்: "ஜே". மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் கடை வாசலில் தொங்கும். அங்கே இறைச்சி, மீன், முட்டை எதுவும் இருக்காது. பூண்டுகூடப் போட மாட்டார்கள்.

இதெல்லாம் வீடு திரும்பியபின் சிரித்துச் சொல்லிக்கொள்கிற கதை. சிரிக்க முடியாத கதையும் இருக்கிறது.

நம் நாடு சுதந்திரம் அடைந்த 1957ஆம் ஆண்டு, ஏப்ரல் 15ஆம் தேதி லண்டனிலிருந்து 'இந்தியாமேன்' என்ற பஸ் 20 பேருடன் கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. கட்டணம் 85 பவுன். ஜூன் 5ஆம் தேதிதான் போய்ச் சேர்ந்தது. பிறகு அந்த வழியில் எத்தனையோ பஸ்கள் ஓடின. 1979இல் ஈரானில் புரட்சி, அந்த ஆண்டுக் கடைசியில் ஆப்கானிஸ்தானில் சோவியத் படை. அதோடு சரி. ரோடு அங்கேயேதான் இருக்கிறது, கதவைத்தான் சாத்திவிட்டார்கள்.

நம்மவர்களுக்கும் அப்படி ஒரு கதவு சாத்தப்பட்டது. பட்டர்வொர்த்திலிருந்து வடக்கே போகிறதே, அந்தப் பெருஞ்சாலைக்கு ஆசிய நெடுஞ்சாலை 2 என்று பெயர். தாய்லாந்து, பர்மா வழியாக மணிப்பூரில் மோரே என்ற ஊரில் அது இந்தியாவுக்குள் நுழைகிறது. மோரேயில் தமிழர் குடியிருப்பு இருக்கிறது, அங்காள பரமேஸ்வரி கோயிலும் இருக்கிறது. எப்படி வந்தது? 1962இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்தது; 1964இல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் கப்பலேறிச் சென்னைக்கு வந்தார்கள். அங்கே பிழைக்க வழியில்லை. சிலர் பிறந்த பர்மாவுக்கே திரும்பிவிடலாமென்று, கையில் பணமில்லாமல், மொழி தெரியாத ஊர்களைக் கடந்து மணிப்பூர் மலை வரை போனார்கள். எல்லையில் பர்மியக் காவலர்கள் திருப்பி அனுப்பினார்கள். முன்னேயும் போக முடியாமல், பின்னே போகவும் மனமில்லாமல், மோரேயிலேயே குடிசை போட்டுக்கொண்டார்கள். 2023 மே மாதம் அங்கே மூண்ட கலவரம் அவர்கள் வீடுகளையும் விடவில்லை.

பர்மாவில் பிறந்தவர்கள்தான். அதை ஒப்புக்கொள்ள வைக்கும் தாள்தான் அவர்களிடம் இல்லை.

இதை ஏன் இங்கே சொல்கிறேன்? இந்த நாட்டிலேயே பிறந்து, இன்னும் சிவப்பு ஐ.சி.யோடு இருக்கும் பெரியவர்கள் நம் லயங்களிலும் பிளாட்டுகளிலும் இருக்கிறார்கள். சிவப்பு ஐ.சி.க்கு மலேசியப் பாஸ்போர்ட் கிடையாது. பேரப்பிள்ளைகள் ஹாட்யாய் பஸ் ஏறும்போது அவர்கள் கையசைத்துவிட்டு வீட்டிலேயே இருப்பார்கள். பிறப்பைப் பதியாமல் விட்ட பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். பிள்ளை பிறந்து 60 நாட்களுக்குள் பதிய வேண்டும். ஐந்தாண்டுப் பாஸ்போர்ட்டுக்கு 200 வெள்ளி, சிறு பிள்ளைகளுக்கு அதில் பாதி. பிறப்புப் பத்திரமே இல்லாத பிள்ளைக்கு எத்தனை வெள்ளி கொடுத்தாலும் கிடைக்காது.

அப்படிப்பட்ட பிள்ளை யாராவது உங்களுக்குத் தெரிந்து இருந்தால், விழா முடிந்ததும் போய்விடாதீர்கள். இன்றைக்கே தலைமையாசிரியரிடம் பெயரைக் கொடுங்கள். பதிவு இலாகாவுக்குக் கூட வர நான் தயார், பஸ்ஸிலேயே போகலாம்.