குளத்துக் களிமண்ணும் சுடுமண் சிற்பமும்

(ஆனைமலை வட்டார உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உடுமலைப்பேட்டைக்கு அருகே சோமவாரப்பட்டியிலுள்ள ஆல்கொண்டமால் கோயிலை அறியாதார் நம் பகுதியில் இரார். பொங்கல் நாள்களில் அங்கே சென்று, நம் ஆடு மாடுகள் நோய்நொடியின்றி வாழ வேண்டுமென மண்ணாலான உருவாரங்களை வைத்து வழிபடுகிறோம். அந்தக் காளையும் கன்றும் சிற்பங்களே என்பதை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

நாடு எண்ணிப் பார்த்திருக்கிறது. புதுச்சேரியை அடுத்த வில்லியனூரில் சுடுமண் சிற்பம் செய்துவரும் திரு. வி. கே. முனுசாமி அவர்களுக்கு 2020ஆம் ஆண்டிற்குரிய பத்மஸ்ரீ விருதை மத்திய அரசாங்கம் அளித்தது. அவர் மண்பாண்டத் தொழிலைப் பரம்பரையாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்தவர். வில்லியனூர்ச் சுடுமண் கைவினைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. வடக்கே, குஜராத்தின் லோத்தலில் பிறந்த ஹிம்மத் ஷா (1933-2025), சுடுமண்ணில் மனிதத் தலைகளை வடித்துப் புகழ் பெற்றார். அதே லோத்தலில்தான் 4,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட சுடுமண் உருவங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. இத்துணைப் பழமையான கலைக்கு மூலப்பொருள் பொன்னுமன்று, பளிங்குமன்று; குளத்தடியில் கிடக்கும் களிமண்ணே.

களிமண் கிடைத்துவிட்டால் சிற்பம் ஆகிவிடாது. மண்ணைக் கல் நீக்கிப் புளிக்க வைத்து, மணலும் உமியும் கலந்து மிதித்துப் பதப்படுத்த வேண்டும். பெரிய குதிரையாயின் உள்ளே கூடாகவே கட்ட வேண்டும். முதலில் கால்களை எழுப்பி, அவை ஓரளவு இறுகிய பின்னரே உடலை ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் ஈரக் கால்கள் பாரம் தாங்கா. பின்னர் நிழலில் உலர்த்த வேண்டும். உள்ளே ஈரம் தங்கிவிட்டால், சூளையில் அது நீராவியாகிச் சிற்பத்தையே வெடிக்கச் செய்யும். பல நாள் உழைப்பு ஒரு பொழுதில் ஓடாகிவிடும். இந்தப் பக்குவம் ஏட்டில் வருவதன்று; ஆண்டுதோறும் செய்வதால் கைக்கு வருவது.

இங்கேதான் நம் பொறுப்பு தொடங்குகிறது. மண் குதிரை மழையிலும் வெயிலிலும் நாளடைவில் சிதையும். திருவிழாதோறும் புதிது வேண்டும். அதனாலேயே தந்தையிடமிருந்து மகன் தொழில் கற்றான். நிலைத்து நிற்குமென்று நாம் சிமெண்டுக் குதிரை வைத்தோம். குதிரை நிலைத்தது, செய்யும் கை ஓய்ந்தது. ஆதலால் கோயில் விழாவிற்கு நம் வட்டாரத்துத் தொழிலாளரிடமே உருவாரங்களைச் செய்யச் சொல்வோம். விநாயக சதுர்த்திக்கும் அவர்களிடமே சுடாத களிமண் பிள்ளையாரை வாங்குவோம். பிளாஸ்டர் ஆப் பாரிஸ் சிலைகள் நீரைக் கெடுப்பதால், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020இல் வெளியிட்ட நெறிமுறைகள் அவற்றைத் தடுத்துள்ளன.

அடுத்தது மண். 2024ஆம் ஆண்டு தமிழக அரசு செய்த திருத்தத்தின்படி, குளம் ஏரிகளிலிருந்து உழவர் வண்டலும் மண்பாண்டத் தொழிலாளர் களிமண்ணும் கட்டணமின்றி எடுக்க வட்டாட்சியரே அனுமதி வழங்கலாம். தொழிலாளருக்கு 60 கன மீட்டர் வரை இடமுண்டு. விண்ணப்பம் எழுதத் தெரியாதவருக்கு நாம் எழுதிக் கொடுப்போம். குளத்தில் தொழிலுக்கேற்ற மண் எங்குள்ளது என்பதை அவர்களையே காட்டச் சொல்லி, அவ்விடத்தை வேறெவரும் வாரிவிடாமல் காப்போம். ஆயினும் ஓரிடத்திலேயே ஆழத் தோண்டுதல் ஆகாது. அடிக் களிமண் முழுவதும் போய்விட்டால் குளத்தில் நீர் தங்காது. பரவலாக எடுத்தால் குளம் ஆழமாகும், வயல் வளம் பெறும், சூளையும் புகையும்.

விருது வழங்குவது அரசாங்கத்தின் கடமை. மண்ணும் வேலையும் வழங்குவது ஊரின் கடமை. பிந்தியது தவறினால் முந்தியதைப் பெறுவதற்கு ஆள் இரார். வருகிற பொங்கலுக்குள் நம் ஒவ்வோர் ஊராட்சியிலும் இத்தொழில் அறிந்தவர் எத்தனை பேர் எனக் கணக்கெடுத்து, அவர்களுக்கு வேண்டிய மண்ணுக்கு வழி செய்வோமாக!