கூப்பர் என்னும் பெயர்



ஆங்கிலப் பாட்டுப் புத்தகங்களில் வில்லியம் கூப்பர் என்னும் கவிஞரின் பெயரைக் கண்டிருப்பீர்கள். அதை சி, ஓ, டபிள்யூ, பி, இ, ஆர் என்று எழுதுவார்கள். எழுத்தை மட்டும் பார்க்கிறவர்கள் 'கௌப்பர்' என்று வாசிக்கிறார்கள். அவருடைய குடும்பத்தார் சொன்னதோ 'கூப்பர்'.

இதற்குக் காரணம் உண்டு. லத்தீனில் 'கூப்பா' என்றால் தொட்டி. அதிலிருந்து வந்த சொல், டச்சு நாட்டுப் பக்கத்து மொழிகள் வழியாக இங்கிலாந்தை அடைந்து, பீப்பாய் செய்கிறவருக்குத் தொழிற்பெயராகி, பிறகு குடும்பப் பெயராயிற்று. அக்காலத்தில் 'ஊ' ஓசையை ஓ, டபிள்யூ சேர்த்தும் எழுதினார்கள். பின்னாளில் அநேக சொற்களில் அந்த ஓசை 'அவ்' என்று மாறியது. 'ப்' ஓசைக்கு முன்னால் மாறவில்லை. தொழிற்பெயரை இரண்டு ஓ போட்டு எழுதத் தொடங்கினார்கள். சில குடும்பங்கள் பழைய எழுத்தையே வைத்துக்கொண்டன. ஆயினும் அதே எழுத்தை 'கௌப்பர்' என்று சொல்லும் குடும்பங்களும் உண்டு. ஆகவே பெயருக்குரியவரைக் கேட்பதே சரியான வழி.

பீப்பாயின் பலகைகளை ஆணியோ பசையோ சேர்ப்பதில்லை. சுற்றியுள்ள வளையங்களே அவற்றை இறுக்கிப் பிடிக்கின்றன. வளையம் கழன்றால் பலகைகள் சிதறிப்போம்.

1731-இல் பிறந்த இந்தக் கவிஞரின் வாழ்க்கையும் அப்படியே. 1763-இல், பிரபுக்கள் சபை வேலைக்கான விசாரணையை நினைத்து அஞ்சி, மனம் உடைந்து, உயிரையே மாய்த்துக்கொள்ள முயன்றார். செயின்ட் ஆல்பன்ஸ் நகரில் டாக்டர் நத்தானியேல் காட்டன் அவரை அன்போடு பராமரித்தார். பின்பு அன்வின் குடும்பத்தார் தங்கள் வீட்டில் இடம் கொடுத்தார்கள். 1767-இல் ஆல்னி ஊருக்கு வந்தார். 1773-இல் வியாதி திரும்பியபோது, அவ்வூர்ப் போதகர் ஜான் நியூட்டன் ஒரு வருஷத்துக்கு மேல் தம் இல்லத்திலேயே அவரை வைத்துக்கொண்டார். மேரி அன்வின் அம்மையார் அருகிருந்து கவனித்தார். இருவரும் எழுதிய ஆல்னி கீதங்கள் 1779-இல் வெளிவந்தன. 1800-இல் மரிக்கும்வரை கூப்பரின் மன இருள் முழுவதும் விலகவில்லை. வளையங்களாய் நின்றவர்கள் இருந்தபடியால் பீப்பாய் சிதறவில்லை.

பிரியமானவர்களே, மனநோயுற்றவரை நம்மூரில் நோயின் பேராலேயே குறிப்பிட்டு விடுகிறார்கள். அவருக்கும் தாய் தகப்பன் வைத்த பெயர் உண்டு. அதை அவர் வாயாலேயே கேட்டு, அவர் சொல்லுகிறபடியே அழையுங்கள். அவரைச் சுற்றி நாம் பூட்டும் முதல் வளையம் அதுவே.