வயிற்றுக்குள் ஒரு தோட்டம்



பாலைக் காய்ச்சி ஆற வைக்கிறார்கள். அதில் ஒரு கரண்டி மோர் விடுகிறார்கள். காலையில் பார்த்தால் தயிர். இது யார் செய்த வேலை? கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா செய்த வேலை. இட்லி மாவு புளிப்பதும் இப்படித்தான்.

மனிதரின் உடலிலும் பாக்டீரியா வாழ்கின்றன. ஒருவர் உடலில் சுமார் 38 லட்சம் கோடி இருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பெரும்பாலானவை பெருங்குடலில்தான் இருக்கின்றன. எல்லாமே நோய்க் கிருமிகள் அல்ல. பல, உடலுக்கு உதவி செய்பவை.

என்ன உதவி? கீரை, கிழங்கு, பயறு, பழம் ஆகியவற்றில் நார்ச்சத்து இருக்கிறது. அதை மனிதக் குடலால் தானாகச் செரிக்க முடியாது. பாக்டீரியா அதைப் புளிக்க வைத்துத் தின்கின்றன. அப்போது உண்டாகும் சில அமிலங்கள் குடலின் சுவருக்கு உணவாகின்றன.

சரி, உடல் பருமனுக்கும் இவற்றுக்கும் என்ன தொடர்பு?

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் என்ற நகரம் இருக்கிறது. அங்குள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி கோர்டன் என்ற விஞ்ஞானியின் குழு எலிகளை வைத்து ஆராய்ந்தது. குடலில் பாக்டீரியாவே இல்லாத எலிகளை வளர்த்தார்கள். அவற்றுக்குச் சாதாரண எலிகளின் பாக்டீரியாவைக் கொடுத்தார்கள். இரண்டே வாரத்தில் அவற்றின் உடல் கொழுப்பு சுமார் 60 சதவீதம் கூடியது. முன்பைவிடக் குறைவாகத் தின்றும் கூடியது! இது 2004-ஆம் ஆண்டில் வெளியான செய்தி.

2013-இல் அதே குழு இன்னொரு சோதனையைச் செய்தது. இரட்டையராகப் பிறந்த பெண்கள். ஒருவர் பருமன், மற்றவர் ஒல்லி. இருவருடைய பாக்டீரியாவையும் தனித்தனியே எலிகளுக்குக் கொடுத்தார்கள். பருமனானவரின் பாக்டீரியா பெற்ற எலிகளுக்குக் கொழுப்பு கூடியது. ஒல்லியானவரின் பாக்டீரியா பெற்றவை ஒல்லியாகவே இருந்தன.

பிறகு இரண்டு வகை எலிகளையும் ஒரே கூண்டில் விட்டார்கள். கொழுப்புக் குறைந்த, நார்ச்சத்து நிறைந்த தீனி கொடுத்தபோது, ஒல்லி எலியின் பாக்டீரியா மற்ற எலியின் குடலிலும் குடியேறின. அந்த எலிக்குக் கொழுப்பு ஏறவில்லை. காயும் பழமும் குறைந்த, கொழுப்பு மிகுந்த தீனி கொடுத்தபோது அவை குடியேறவில்லை. நல்ல விதை இருந்தால் போதாது. மண்ணும் வேண்டும். குடலுக்கு மண் என்பது உணவுதான்.

இது எலியின் கதை. மனிதரின் கதை என்ன?

நடு அந்தமானில் மாயாபந்தர் பக்கம் கரேன் மக்கள் வாழ்கிறார்கள். அவர்களுடைய முன்னோர் 1925-இல் பர்மாவிலிருந்து வந்து குடியேறினார்கள். அதே கரேன் இனத்தவரில் பலர், வேறு காலத்தில், தாய்லாந்திலிருந்து அமெரிக்கா சென்றார்கள். கரேன், மோங் ஆகிய இரு இனப் பெண்களை அங்கே ஆராய்ந்தார்கள். அதன் முடிவு 2018-இல் வெளியானது. அமெரிக்கா சென்ற சில மாதங்களிலேயே அவர்கள் குடலில் இருந்த பாக்டீரியா மாறத் தொடங்கின. பல வகைகள் குறைந்தன. நார்ச்சத்தைச் செரிக்கும் வகைகளும் குறைந்தன. பருமனான பெண்களிடம் இந்த இழப்பு அதிகமாக இருந்தது.

கடல் கடந்து போனால்தான் உணவு மாறும் என்பதில்லை. இருந்த இடத்திலும் மாறும். நிக்கோபார் மக்களின் பழைய உணவு தேங்காய், கிழங்கு, வாழை, தாழம்பழம், மீன், பன்றி இறைச்சி. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. தென்னந்தோப்புகள் அழிந்தன. மக்கள் தகரக் கொட்டகைகளில் தங்கினார்கள். அரிசியும் பருப்பும் சர்க்கரையும் நிவாரணமாக வந்தன. அந்த நேரத்தில் அவை உயிர் காத்தன. ஆனால் தென்னை மீண்டும் காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் கடைச் சாப்பாடு பழகிப்போகும்.

பருமனுக்குப் பாக்டீரியா மட்டும் காரணம் அல்ல. அதிகமாகத் தின்பது, உழைப்புக் குறைவது, தூக்கம் கெடுவது, பரம்பரை ஆகியவையும் காரணங்கள். மனிதருக்கு எந்த பாக்டீரியா எவ்வளவு எடையைக் கூட்டும் என்ற ஆராய்ச்சி இன்னும் நடக்கிறது. ஆகவே, "பாக்டீரியா மாத்திரை தின்றால் இளைக்கலாம்" என்று யாராவது விற்றால் நம்பிப் பணத்தை இழக்க வேண்டாம்.

ஒரு நாடா போதும், வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். இடுப்பைச் சுற்றி ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர். அதற்கு மேல் போனால் சர்க்கரை நோயும் இதய நோயும் வரும் ஆபத்து கூடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தத்தைச் சோதித்துக்கொள்வது நல்லது.

பிஸ்கட்டும் சர்க்கரையும் மைதாவும் கப்பலில் வருகின்றன. முருங்கைக்கீரையும் கிழங்கும் வாழையும் வீட்டுக் கொல்லையிலேயே விளைகின்றன. கொல்லையில் விளைவதைத் தின்றால், வயிற்றுக்குள் இருக்கும் தோட்டமும் வாடாது.