வரி கட்டியாச்சு, ரசீதைப் படித்தோமா?

போன எபிசோடில் பத்திரம், வில்லங்கச் சான்றிதழ் பற்றிப் பேசினோம். அதைக் கேட்டுவிட்டு நிறைய பேர் எழுதியிருந்தீங்க: "சொத்து வரியைப் பற்றியும் சொல்லுங்க, மெசேஜ் வருது, கட்டுறோம், ஆனா ஒண்ணும் புரியல." நியாயமான கேள்வி. இன்றைக்கு அதைத்தான் பார்க்கப் போறோம்.

என் பெரியம்மா கதையிலிருந்து தொடங்குறேன். தமிழ்நாட்டில் ஒரு மாநகராட்சியில் சொந்த வீடு, சுமார் 900 சதுர அடி. பெரியப்பா முன்னறையில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். 2013-இல் அதை மூடிவிட்டார். அப்புறம் அவரும் போய்ச் சேர்ந்தார். பெரியம்மா அரையாண்டு தவறாமல் வரி கட்டி, ரசீதுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் அடுக்கி வைத்திருந்தாங்க. போன வருஷம் வீட்டை மகள் பெயருக்கு எழுதி வைக்கலாம் என்று என்னைக் கூப்பிட்டாங்க. டப்பாவைத் திறந்து பார்த்தேன். பெயர் பெரியப்பாவுடையது. கட்டடத்தின் பயன்பாடு என்ற இடத்தில், முன்பகுதி 'வணிகம்'.

கடை மூடி பத்து வருஷத்துக்கு மேல் ஆச்சு. வரி மட்டும் கடைக்குக் கட்டிக்கொண்டே இருந்திருக்காங்க.

இது எவ்வளவு பெரிய விஷயம்னு பாருங்க. 2022 ஏப்ரலில் தமிழ்நாடு முழுக்க வரியைச் சீரமைத்தாங்க இல்லையா? சென்னைக்கு வெளியே உள்ள நகரங்களில் குடியிருப்புக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீத உயர்வு. வணிகக் கட்டடத்துக்கு நேராக 100. பெரியம்மாவின் முன்னறை இந்த 100-இல் மாட்டியிருக்கு. அதுவும் ஏற்கெனவே கூடுதலாக இருந்த தொகையின் மேல்! சென்னையின் பழைய பகுதிகளில் உயர்வு இன்னும் அதிகம்: குடியிருப்புக்கே 50-இலிருந்து 150 சதவீதம் வரை.

கணக்கு எப்படிப் போடுறாங்க? சுருக்கமா சொல்றேன். உங்க தெருவுக்கோ மண்டலத்துக்கோ, சதுர அடிக்கு மாதம் இவ்வளவு வாடகை கிடைக்கும் என்று உள்ளாட்சி ஒரு மதிப்பு வைத்திருக்கும். அதை உங்க கட்டடத்தின் பரப்பால் பெருக்கி, கட்டடத்தின் வயது போன்றவற்றுக்குக் கழித்து, ஆண்டு மதிப்பு என்று ஒன்று வரும். அதில் ஒரு சதவீதம்தான் வரி. நீங்க வாங்குற உண்மையான வாடகையோ, வீட்டின் சந்தை விலையோ இதில் நேரடியாக வராது. ஆகவே மூணு விஷயம் தப்பா இருந்தா வரி தப்பாகும்: பரப்பு, பயன்பாடு, மண்டலம். சென்னைக்காரங்க கூடுதலா கவனிக்கணும். குடிநீர் வாரியத்தின் வரி தனி, ஆனா அதுவும் இதே ஆண்டு மதிப்பை வைத்துத்தான். இங்கே பிழை இருந்தா அங்கேயும் இருக்கும்.

ஒரு சின்ன இடைச்செருகல். சொத்து வரியோடு சேர்ந்து நூலக வரியும் போகுது, ரூபாய்க்கு 10 பைசா. 1948-இல் வந்த பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த ஏற்பாடு. இதைத் தெரிஞ்சுக்கிட்ட பிறகு எங்க தெரு நூலகத்தில் உரிமையோடு மின்விசிறி போடச் சொல்றேன்.

சரி, பெரியம்மாவுக்கு வருவோம். "நான்தானேடா கட்டுறேன், அப்போ வீடு என் பேர்லதானே இருக்கும்?" என்று கேட்டாங்க. நிறைய பேர் இப்படித்தான் நினைக்கிறாங்க. சொத்து வரி ரசீது உரிமைப் பத்திரம் இல்லை. பத்திரம் பதிவுத்துறை, பட்டா வருவாய்த்துறை, வரி உள்ளாட்சி. ஒரு இடத்தில் பெயர் மாறியதாலேயே மற்ற இரண்டிலும் மாறிவிட்டது என்று இருந்துடாதீங்க. போய்ப் பாருங்க. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பழைய பத்திரம், கடைசி ரசீது எல்லாம் எடுத்துக்கொண்டு அலைந்தோம். பெயர் மாற இரண்டு மாதம். முன்னறையை வந்து பார்த்து, குடியிருப்பு என்று மாற்ற இன்னும் கொஞ்ச நாள். அடுத்த அரையாண்டிலிருந்து வரி குறைந்தது. பழைய வருஷங்களுக்குக் கட்டியது திரும்ப வரவில்லை. "யாரும் சொல்லலையே" என்றாங்க பெரியம்மா. உண்மைதான், நாம போய்ச் சொல்லாம அவங்களுக்கும் தெரியாது.

பழைய வீடோ ஃபிளாட்டோ வாங்குறவங்களுக்கு இதே பாடம் வேறு திசையில். வரி பாக்கி சொத்தின் மேல்தான் நிற்கும். விற்றவர் கட்டாத பாக்கி உங்க தலையில் விழும். அட்வான்ஸ் கொடுக்கும் முன், வரி விதிப்பு எண்ணை வாங்கி இணையத்தில் போட்டுப் பாருங்க. பாக்கி இருந்தால் விலையில் கழியுங்க, இல்லை அவரையே கட்டச் சொல்லுங்க.

எப்போ கட்டுறது? ஏப்ரல்–செப்டம்பர் ஒரு அரையாண்டு, அக்டோபர்–மார்ச் இன்னொன்று. நகர்ப்புறங்களில் முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். ஏப்ரல் 30, அக்டோபர் 30 இரண்டையும் கேலண்டரில் குறிச்சுக்கோங்க. தாமதித்தால் மாதம் 1 சதவீதம் வட்டி. தொகை வருஷா வருஷம் அப்படியே இருக்கும்னு நினைக்காதீங்க. சென்னையில் 2024 அக்டோபரில் 6 சதவீதம் ஏறியது.

வீட்டை வாடகைக்கு விட்டிருக்கீங்களா? நீங்க கட்டிய சொத்து வரியை வருமான வரிக் கணக்கில் வாடகையிலிருந்து கழிக்கலாம். எந்த நிதியாண்டில் பணம் கட்டினீங்களோ அந்த ஆண்டில்தான். குடித்தனக்காரர் கட்டினால் உங்களுக்குக் கழிவு கிடையாது.

புதுசா மாடி கட்டியிருந்தா? மறைக்காதீங்க என்றுதான் சொல்வேன். வரி போடாத மாடி, விற்கும்போதோ வங்கிக் கடன் கேட்கும்போதோ கட்டாயம் எட்டிப் பார்க்கும். புது மதிப்பீடு அதிகம்னு தோணினா, அறிவிப்பில் சொன்ன நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுங்க. வாயால சொன்னது கோப்பில் ஏறாது. ஒப்புகை வாங்காம கவுன்ட்டரை விட்டு நகராதீங்க.

இந்த வாரம் வீட்டில் இருக்கும் கடைசி ரசீதை எடுத்து, பெயர், பரப்பு, பயன்பாடு மூணையும் பாருங்க. ஏதாவது இடிச்சா எழுதுங்க. அடுத்த எபிசோடில் காலி மனை வரி பற்றிப் பேசலாம். அதற்கும் பெரியம்மா வீட்டுப் பக்கத்து மனையிலேயே ஒரு கதை இருக்கு.