‘இன்கம்டாக்ஸ் ஆபீஸிலிருந்து பேசுறோம்’

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)



வங்கியில் முப்பத்து நாலு வருசம் கவுண்டரில் உட்கார்ந்தவன் நான். யாராவது பணத்தை ஏமாந்துவிட்டு வந்து நின்றால், ‘இதுகூடவா தெரியாது?’ என்று மனசுக்குள் நினைத்தவன்தான். போன மாதம் ஒரு காலைப்பொழுதில் அந்த நினைப்பு ஒழிந்தது.

போனில் நல்ல தமிழ். வருமான வரி அலுவலகமாம். என் பேரில் 2 லட்சத்து 80 ஆயிரம் பாக்கியாம். சாயங்காலம் ஐந்து மணிக்குள் கட்டாவிட்டால் கணக்கை முடக்கிக் கைது செய்வார்களாம். என் பான் எண்ணைப் பிசகில்லாமல் சொன்னார்கள். பென்ஷன் எந்த வங்கியில் வருகிறது என்பதும் தெரிந்திருந்தது. வாட்ஸ்அப்பில் சிங்க முத்திரை போட்ட நோட்டீஸ் வந்தது. ‘வீட்டில் யாரிடமும் சொல்லாதீங்க, லைனை கட் பண்ணாதீங்க’ என்றார்கள். இருபது நிமிசம் நானும் அப்படியே இருந்தேன். வீட்டுக்காரம்மா வந்து ‘யாருங்க அது, இத்தனை நேரமா?’ என்று கேட்டபோதுதான் அவர்கள் அனுப்பிய கணக்கைச் சரியாகப் பார்த்தேன். யாரோ ஒரு தனி ஆளின் பெயர். எத்தனை ஆயிரம் வரிச் சலான்களுக்கு முத்திரை குத்தியிருப்பேன்! அரசாங்கத்துக்குப் போகும் வரி தனி ஆள் கணக்குக்குப் போகாதுங்க. போனை வைத்தேன்.

‘சொல்லாதே, வைக்காதே’ என்பதுதான் இந்தத் தொழிலுக்கு முதல். 2016 அக்டோபரில் மும்பை பக்கம் மீரா ரோட்டில் தானே போலீஸார் சில கால் சென்டர்களைப் பிடித்தார்கள். நூற்றுக்கணக்கான இளைஞர்கள் அமெரிக்க வரி அதிகாரிகளாக நடித்து, அந்த ஊர்க்காரர்களைக் கிஃப்ட் கார்டு வாங்க வைத்து அதன் எண்ணைக் கறந்துகொண்டிருந்தார்கள். எழுதிக் கொடுத்த வசனத்தைப் படிப்பதுதான் வேலை. இப்போது அதே வசனம் தமிழில் நமக்கு வருகிறது.

சரிபார்ப்பது கடினமில்லை. 2019 அக்டோபர் முதல் வருமான வரித்துறை நோட்டீஸ்களில் ‘டின்’ என்கிற ஆவண எண் இருக்க வேண்டும். துறையின் இணையதளத்தில் லாகின் செய்யாமலே அந்த நோட்டீஸ் நிஜமா என்று பார்க்கலாம். உண்மையான பாக்கி என்றாலும், டிமாண்ட் நோட்டீஸுக்குப் பொதுவாக 30 நாள் அவகாசம் உண்டு. ரீஃபண்டுக்கு ஓடிபி கேட்பதும் பொய். ‘டிஜிட்டல் கைது’ என்று சட்டத்தில் எதுவும் கிடையாது.

லூதியானாவின் வர்த்மான் குழுமத் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால் பெயரை நம் ஊர் ஜவுளிக்காரர்கள் கேட்டிருப்பீர்கள். 2024-இல் போலி சிபிஐ, போலி உச்ச நீதிமன்றம் என்று நாடகம் போட்டு அவரிடமே 7 கோடி ரூபாயைப் பறித்தார்கள். அவர் போலீஸுக்குப் போனார். 5 கோடிக்கு மேல் மீட்கப்பட்டது.

நம் பக்கத்து வீதிக்காரர் ஒருவர் போகவில்லை. தறிகளைப் பழைய இரும்புக்குப் போட்ட பணம் அவருடையது. பையனுக்குத் தெரிந்தால் மானம் போயிரும் என்று மூன்று நாள் வாயே திறக்கவில்லை. பேரைச் சொல்லாமல் இதைச் சொல்லச் சொன்னதே அவர்தான். திருட்டுப் பணம் ஒரே கணக்கில் தங்காதுங்க. நாலைந்து கணக்கு தாண்டி ஏடிஎம்மில் நோட்டாக வெளியே வந்துவிடும். அதற்குள் 1930-க்கு போன் செய்தால், பணம் எந்த வங்கியில் நிற்கிறதோ அங்கேயே நிறுத்தி வைக்க வழி உண்டு. பணம் போன கணக்கு, பரிவர்த்தனை எண், நேரம் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். உங்கள் வங்கிக்கும் உடனே சொல்லுங்கள். பணம் போகவில்லை, மிரட்டல் மட்டும்தான் என்றால் சஞ்சார் சாத்தி தளத்தில் ‘சக்ஷு’ பகுதியில் அந்த எண்ணைப் பதியலாம். நான் பதிந்தேன், ஐந்து நிமிசம் ஆனது.

கம்ப்யூட்டர் பழக்கமில்லாதவர்கள் என் வீட்டுக்கு வாங்க. ராத்திரி பன்னிரண்டு மணியானாலும் கதவைத் தட்டுங்க. எப்படி ஏமாந்தீங்கன்னு கேட்க மாட்டேன். எத்தனை மணிக்குப் பணம் போச்சுன்னுதான் கேட்பேன்.